கூரையை யார் திரும்பப் போட்டது?

“பிரிச்சாக, சரி. பிரிச்ச கூரைய யாரு திரும்பப் போட்டது?” என்று கேட்டுவிட்டு இன்னாசியம்மா கரண்டியை அந்தரத்தில் நிறுத்துகிறார். மாவு கரண்டியிலேயே நிற்கிறது. தூக்குவாளியை நீட்டிக்கொண்டு பவுனுவும் நிற்கிறாள். கேள்வி பவுனுவுக்குத் தெரியும், பதிலும் தெரியும். ஆனாலும் “யாருக்கா போட்டது?” என்று அவள் தன் வாயால் கேட்டால்தான் மாவு வாளிக்குள் இறங்கும். வீட்டில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த வேதபாடம் அவளுக்குத் தேவைதானா என்று நாம் பரிதாபப்படலாம். அவள் படமாட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள்.

கதை இதுதான். கப்பர்நாகூமில் ஒரு வீட்டுக்குள் இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். வாசலை அடைத்துக் கூட்டம். முடக்குவாதக்காரன் ஒருவனைப் படுக்கையோடு தூக்கிவந்த நான்கு பேர், உள்ளே நுழைய வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். அவன் குணமாகி, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்து போகிறான். வேதம் அந்த வீட்டை அத்தோடு விட்டுவிட்டு அடுத்த சோலியைப் பார்க்கப் போய்விடும். இன்னாசியம்மா போகமாட்டார்.

“நோயாளி நடந்து போயிட்டான். தூக்கியாந்த நாலு பேரும் சந்தோசத்துல அவன் பின்னாடியே ஓடிட்டாங்கெ. கூட்டம் தோத்திரம் சொல்லிட்டுக் கலைஞ்சிருச்சு. வீட்டுக்காரி அண்ணாந்து பாக்குறா, வானம் தெரியுது. அவ கதி என்ன? அவுக பாத்தாக. ‘ஆத்தா, ஏணி இருக்கா?’ன்னு கேட்டாக. தச்சு வேல பாத்த கையில்ல? பொழுது சாயிறதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டுத்தேன் வெளிய காலெடுத்து வச்சாக. அந்தம்மா ரெண்டு தோச சுட்டுக் குடுத்துச்சு, சாப்பிட்டாக.”

‘அவுக’ என்றால் இயேசு. இன்னாசியம்மா அவர் பெயரைச் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லத் தயங்குவார்களே, அந்த மரியாதை. கப்பர்நாகூமில் தோசைக்கல் இருந்ததா என்று கேட்கத் துணிந்தவர் எங்கள் சூசையப்பர் தெருவில் இன்னும் பிறக்கவில்லை.

எங்கள் ஊர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே திராட்சைப் பந்தல்களுக்குள் இருக்கிறது. விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு மேலே போகிற பெண்களுக்கு மாவாட்ட நேரம் கிடையாது. அந்த நேரமின்மைதான் இன்னாசியம்மாவின் தொழில். புருசன் சந்தியாகு லாரி ஓட்டினவர். நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இரண்டு மகள்களும் திருப்பூரில் குடும்பமாக இருக்கிறார்கள். முன்னறையில் இரண்டு பெரிய கிரைண்டர்கள். கிரைண்டர் ஓடும்போது அதன் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அது ஓடாதபோதும் அதே குரலில்தான் பேசுவார். அவர் ரகசியம் சொன்னால் மூன்று வீடு தள்ளித் தலையாட்டுவார்கள்.

ஒல்லி, உயரம், கொசுவத்தை ஏற்றிச் செருகிய வாயில் துணிச் சேலை, முழங்கை வரை காய்ந்த மாவு. திருப்பலிக்கு வரும்போதுகூட முழங்கைப் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். இயேசு செய்த எந்தப் புதுமையைச் சொன்னாலும் கடைசியில் ஒரு விசாரணை உண்டு: சாப்பிட்டார்களா? ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதையில் பரிமாறின சீடர்களுக்கு மிச்சம் இருந்ததா என்பதுதான் அவருடைய கவலை. செத்துப்போன யாயீர் மகளை எழுப்பிய கதையைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு வெற்றி தெரியும். “செத்த புள்ளய எழுப்பிட்டு அவுக சொன்னது என்னா? ‘புள்ளைக்கி எதுனாச்சும் சாப்பிடக் குடுங்க’ன்னாக. இது நாஞ் சொல்லல. மாற்கு நற்செய்திலயே இருக்கு, போய்ப் பாத்துக்கங்க.” போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

ஆளுக்குத் தகுந்தபடி கதை மாறும். உத்தமபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து மாவு வாங்கும் ரஃபியாவிடம் “அவுகதேன் ஒங்க ஈசா நபி” என்று ஆரம்பித்து, மரியாளின் பிரசவ வலியில் நிறுத்தி, வெந்நீர் வைக்க அந்தத் தொழுவத்தில் ஆள் இல்லையே என்று இரண்டு பேரும் சேர்ந்து வருத்தப்படுவார்கள். நல்ல சமாரியன் கதையோ எங்கள் ஊருக்கென்றே மலைப்பாதைக்கு வந்துவிட்டது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற பாதை இன்னாசியம்மாவைப் பொறுத்தவரை குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்குகிற பாதைதான். திருடர்கள் அடித்துப் போட்ட ஆள் வளைவில் கிடக்கிறான். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை ஆள் ஒருவர் பைக்கில் வந்து, பார்த்து, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று போய்விடுகிறார். “அப்ப ஒரு மலையாளத்தான் வந்தான். அணைப் பெரச்சன நடந்தப்ப நம்மகிட்ட மூஞ்சிகூடக் குடுத்துப் பேசலயே, அந்தாளுதேன். ‘பேடிக்கேண்டா, பயப்படாத’ன்னு சொல்லி, சட்டையக் கிழிச்சுக் கட்டி, ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனான்.” முதல் தடவை இதைக் கேட்டபோது கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை. இரண்டு பேருக்குக் கோபம். அதில் நானும் ஒருவன். சமாரியனைப் பற்றிக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

இதெல்லாம் முழுதாக அரங்கேறுவது வியாழக்கிழமை சாயங்காலம் அன்பியத்தில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அன்பியம் என்பது தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, அது தங்களிடம் என்ன சொல்கிறது என்று பகிர்ந்துகொள்வது. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடப்பில், வாசிப்பார்கள், எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள், யாராவது ஒருவர் “ஆண்டவர் நம்மை அன்பு செய்கிறார்” என்பார், அடுத்தவர் “அதேதான்” என்பார், சுண்டல் வரும். ஆண்கள் பகுதியின் வருகைப் பதிவு சுண்டலைப் பொறுத்தது. நான் எதற்காகப் போய்க்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இன்னாசியம்மா பகிர ஆரம்பித்தபிறகு சுண்டல் ஆறினாலும் யாரும் கவனிப்பதில்லை என்ற நிலை வந்தது. ஒரு காரணம், கதை. இன்னொரு காரணம், பயம். அவர் கதையில் வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் தெருவில் யாருடைய சாயலாவது இருக்கும். யார் யாராக வரப்போகிறார்கள் என்பது கடைசி வரை தெரியாது. நான் ஒருமுறை சக்கேயுவாக வந்தேன், இயேசுவைப் பார்க்க அத்திமரத்தில் ஏறின குட்டையான வரிவசூல்காரன். என் உயரம்தான் காரணம், என் வரவு செலவு இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருமகளைச் சாப்பாட்டில் படுத்தும் ஒரு மாமியார், அடுப்படியில் கிடந்து தங்கையைக் குறை சொன்ன மார்த்தாவின் கதை வருகிற வாரம் இன்னாசியம்மா வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். குழம்பை வாங்கிக்கொண்டார். கதை மாறவில்லை.

அன்பியத் தலைவர் மதலைமுத்து உரத்த குரலில் ஜெபிக்கிறவர். தொடங்கும் முன் தொண்டையை நன்றாகச் செருமிக்கொள்வார். அதைக் கேட்டுத்தான் கடைசி வீட்டுக்காரர்கள் கிளம்பி வருவார்கள். கோயிலில் நின்று தன் பெருமையைக் கடவுளுக்கு எடுத்துச்சொன்ன பரிசேயன், இன்னாசியம்மா கதையில், முதலில் தொண்டையைச் செருமினான். தெரு முழுக்கச் சுவரையும் கூரையையும் பார்த்தது. வயிறு குலுங்கச் சிரித்தவர் மதலைமுத்து ஒருவர்தான். “அப்பிடித்தேன் சில பேரு இருக்காங்கெ” என்று வேறு சொன்னார்.

இப்படியே போயிருக்கும். விவிலிய வினாடி வினா வந்து கெடுத்தது.

வட்டாரத்துக் கோயில் பங்குகள் எல்லாம் மோதுகிற போட்டி. எங்கள் பங்கின் அணி என்று சூசையப்பர் தெருவின் மூன்று பெண்கள் போனார்கள். அதில் பவுனுவும் ஒருத்தி. தெரு முழுக்க வேனில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். கடைசிச் சுற்று வரை எங்களுக்குத்தான் ஏறுமுகம். அப்போது ஒரு கேள்வி: முடக்குவாதமுற்றவர் நலம் பெற்றுப் போனபின் இயேசு என்ன செய்தார்? மாற்கு நற்செய்திப்படி சொல்லவும்.

கேள்வி முடியும் முன் பவுனு பொத்தானை அமுக்கிவிட்டாள். “கூரையத் திரும்பப் போட்டுக் குடுத்தாக!” மூன்று பெண்களும் ஒரே குரலில். முன்வரிசையில் நாங்கள் கை தட்டினோம். கேள்வி கேட்ட கன்னியாஸ்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். சரியான விடை, அவர் கடலோரம் போனார் என்பது. அதற்குப்பிறகுதான் நிஜமான கூத்து. எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார். புரட்டினார்கள். மாற்கில் இல்லை. மத்தேயுவைப் பாருங்கள் என்றோம். அங்கே கூரையே இல்லை. லூக்காவில் ஓடு இருந்தது; பிரித்தவர்களும் இருந்தார்கள்; திரும்பப் போட்டவரைக் காணோம். மண்டபமே சிரித்தது. பக்கத்துப் பங்குக்காரர்கள் விசிலடித்தார்கள்.

வேனில் திரும்பும்போது பவுனு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். “பழைய பைபிள்ல இருந்துச்சு. புதுசா மாத்தி எழுதுறப்ப எடுத்துட்டாக.” பாதி வேன் அதை ஒப்புக்கொண்டது. மீதிப் பாதி தோல்விக்குக் காரணமானவரைத் தேட ஆரம்பித்தது. அந்த வாரத்தில்தான் மதலைமுத்துவின் மனைவி வாய் தாங்காமல், தொண்டையைச் செருமிய பரிசேயன் யார் என்பதைப் புருசனிடம் சொல்லிவிட்டார். வேதம் கலப்படமில்லாமல் இருக்கவேண்டும் என்ற வைராக்கியம் மதலைமுத்துவுக்கு அன்றைக்கு உண்டாயிற்று.

பங்குத்தந்தை வினோத்ராஜ் இளைஞர், நல்ல மனிதர். பெங்களூரில் விவிலியத்தையே மேற்படிப்பாகப் படித்தவர். திருவிழாச் சாப்பாட்டில் சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பரிமாறுவார். அதற்கு முந்தின வருடத் தவக்காலத்தில் எங்களுக்கு வகுப்புகூட எடுத்தார். மாற்குதான் முதலில் எழுதினார். அவருடைய இயேசு அவசரக்காரர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். மத்தேயு அதை வைத்துக்கொண்டு யூத சனத்துக்கு ஏற்றபடி ஒரு போதகராகச் சொன்னார். லூக்கா ஏழைகளோடும் பெண்களோடும் உட்கார்ந்து சாப்பிடுகிற இயேசுவைச் சொன்னார். யோவான் எல்லாவற்றையும் வானத்திலிருந்து தொடங்கினார் என்று விளக்கினார். நாங்கள் தூங்கினோம். இன்னாசியம்மா தூங்கவில்லை.

அதே ஃபாதர் மதலைமுத்துவின் புகாரின்பேரில் இப்போது பேரவையைக் கூட்டினார். இன்னாசியம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

“அம்மா, நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேதத்துல இல்லாததை நாமளா சேர்க்கக் கூடாது பாருங்க.”

“சேக்கக் கூடாதா? மாற்கு சொன்னதுல மத்தேயு சேத்திருக்காரு, லூக்கா சேத்திருக்காருன்னு நீங்கதான சாமி வகுப்பெடுத்தீக?”

“அது தூய ஆவியானவரோட ஏவுதல்மா.”

“எனக்கு மட்டும் என்ன கரண்டாபீஸா ஏவி விட்டுச்சு?”

பேரவையில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மதலைமுத்து தொண்டையைச் செருமினார். செருமியதும் எல்லோரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து பாதியில் நிறுத்தினார். “வட்டாரத்துல நம்ம மானம் போச்சு சாமி. இனிமே வாசிக்கட்டும், அம்புட்டுத்தேன். வாசிச்சுட்டு வாய மூடிக்கிறணும்” என்றார். தீர்மானம் நிறைவேறியது. அன்பியத்தில் எழுதியிருப்பதை வாசிக்கலாம். சொந்தச் சரக்கு கூடாது.

நான் வெளியே அவருக்காகக் காத்திருந்தேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், கோயில் முன் குகைபோலக் கட்டிய கெபியில் நின்ற மாதாவைப் பார்த்துச் சொன்னார்: “மாவு வாங்க எல்லாரும் வருவாக. என் பேச்சக் கேக்கன்னு வர்றது அந்த வியாழக்கெழம மட்டுந்தேன்.” அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு வந்த வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாசித்தார்கள். தரையைப் பார்த்தார்கள். ஆண்டவர் எங்களை அன்பு செய்தார். அதேதான். மதலைமுத்து ஒரு விளக்கவுரைப் புத்தகத்தைக் கொண்டுவந்து பத்தி பத்தியாக வாசித்தார். அதில் பரிசேயருக்கு யாருடைய சாயலும் இல்லை. இன்னாசியம்மா சுவரோரமாக வந்து உட்கார்ந்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் எழுந்து போனார். கடையிலும் பேச்சில்லை. “எம்புட்டு?” என்று கேட்பார், ஊற்றுவார், அடுத்த வாளியைப் பார்ப்பார். மாவு வாங்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. அதைப் பற்றி எல்லோரும் புகார் சொன்னார்கள். ரஃபியா மட்டும் ஒருநாள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, “மாவு புளிச்சாப் பரவால்லக்கா, நீங்க இப்பிடி இருக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்பியத்துக்கு வரும் கூட்டம் குறைந்தது. சுண்டலில் வடைகூடச் சேர்த்துப் பார்த்தார்கள். வடையும் ஊசிப்போனது.

ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை கூட்டம் பவுனு வீட்டில். ஃபாதரே வந்துவிட்டார். அவர் வருகிறார் என்பதற்காகத் தெரு முழுவதும் வந்தது. சித்திரை வெக்கை, ஒற்றை மின்விசிறி ‘கடகட’ என்று உருண்டுகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஃபாதருக்கு நாற்காலி. அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “இன்னைக்கு இன்னாசியம்மா வாசிக்கட்டும்” என்றார். கூடவே, “வாசிச்சா மட்டும் போதும்மா” என்றும் சொன்னார்.

மாற்கு நற்செய்தியின் கடைசிப் பகுதி. இன்னாசியம்மா விரலை வரியில் வைத்து, எழுத்துக்கூட்டுகிறவரைப்போல நிதானமாக வாசித்தார். மூன்று பெண்கள் அதிகாலையில் பரிமளத் தைலத்தோடு இயேசுவின் கல்லறைக்குப் போகிறார்கள். கல்லை யார் புரட்டித் தருவார் என்று வழியில்தான் நினைவு வருகிறது. கல் ஏற்கெனவே புரண்டிருக்கிறது. உள்ளே வெள்ளை உடுத்திய இளைஞன் ஒருவன், அவர் இங்கே இல்லை, உயிர்த்துவிட்டார், போய்ச் சீடர்களிடம் சொல்லுங்கள் என்கிறான். பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள். பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

“அங்கயே நிறுத்துங்கம்மா” என்றார் ஃபாதர். “ரொம்பப் பழைய பிரதிகள்ல மாற்கு இங்கதான் முடியுது. கீழ இருக்கறது பின்னால யாரோ சேர்த்தது.”

சேர்த்தது என்ற சொல் தன் வாயிலிருந்தே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. தெரு கவனித்தது. இன்னாசியம்மா விரலை வரியிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்தார்.

“யாருகிட்டயும் சொல்லலையா சாமி?”

“சொல்லலைன்னுதான் எழுதியிருக்கு.”

“மூணு பொம்பளைக. போய்ச் சொல்லுன்னு வானத்துலருந்து ஆளு வந்து சொல்லியும், வாய மூடிக்கிட்டே செத்துப் போயிட்டாளுகளா?”

“அப்படி இல்லம்மா. யோவான்ல மகதலா மரியா போய்ச் சொல்றாங்க.”

“அப்ப மாற்கு விட்ட எடத்த யோவான் எடுத்து முடிச்சு வச்சிருக்காரு. அவரை யாரும் பேரவையக் கூட்டி வெசாரிக்கல.”

மதலைமுத்து விளக்கவுரைப் புத்தகத்தைத் திறந்தார். எந்தப் பக்கம் என்று தெரியாமல் மூடினார். ஃபாதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்னாசியம்மா விடவில்லை, ஆனால் குரலை உயர்த்தவும் இல்லை.

“அவளுக சொல்லாட்டி ஒங்களுக்குக் கோயிலு ஏது சாமி, எங்களுக்கு ஈஸ்டர் ஏது? எவளோ ஒருத்தி, பயந்துகிட்டேதேன், வாயத் தொறந்திருக்கா. கேட்டவுக நம்பியிருக்க மாட்டாக. ‘கதை விடுறா’ன்னுதேன் சொல்லியிருப்பாக.” சொல்லி முடித்ததும்தான் தான் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் ஃபாதரிடம் நீட்டினார். “எழுதியிருக்கத வாசிச்சாச்சு சாமி. அம்புட்டுத்தேன்.”

ஃபாதர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. பவுனுதான் தாங்கமாட்டாமல் கேட்டாள்.

“எக்கா, அன்னைக்கி ஓடிப்போனாளுகளே, வீட்டுக்குப் போய் என்ன செஞ்சாளுக?”

இன்னாசியம்மா ஃபாதரைப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே அவரைத்தான் பார்த்தோம். அவர் கழுத்திலிருந்து வியர்வை அங்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூடிய புத்தகத்தின் அட்டையை ஒருமுறை தடவினார். பிறகு எழுந்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்து மதலைமுத்துவும் எழுந்தார்.

ஃபாதர் கதவோரம் போய், சத்தம் போட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, நாற்காலியை இன்னாசியம்மா பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.